எல்லாருக்கும் சேர்த்து நான் பேசிய சனிக்கிழமைகள்

என் வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதே வாய் போன மாதம் என் கணவருக்கு வரவேண்டிய ஒரு வேலையில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு புகுந்திராவிட்டால் போட்டே இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டருக்குள் மந்திரக்கோலைத் தூக்கிக்கொண்டு திரிகிறாளா இவள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். மாடியில் இரண்டாவது அறை. ஒரு சாய்வு நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல், ஊதா மூடியும் சிவப்பு மூடியும் போட்ட குழாய்கள் அடுக்கிய தட்டு, ஒரு ரப்பர் பட்டை. காலை ஏழு மணிக்கு வந்தால் பதினொன்றுக்குள் அறுபது கைகளைப் பார்த்துவிடுவேன். எனக்கென்று தேடி வருகிறவர்கள் உண்டு. "அந்தப் பேசற அக்கா இருக்காங்களா?" என்று கவுண்ட்டரில் கேட்பார்கள். குத்துவதே தெரியாது என்று பெயர். அதற்குக் காரணம் என் கை இல்லை, வாய்.

"ஆபீஸ் வேலையா? ஆபீஸ்தான். வீடு தூரமா? தூரம்தான் போல. பசங்க இருக்காங்களா? இருப்பாங்க. ஆச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க." இவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருந்தால் அவர்கள் கண் ஊசிப் பக்கம் திரும்பிவிடும். அதனால் கேள்வியும் நானே, பதிலும் நானே. ஒருமுறை ஒரு பெரியவரிடம், "சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க? சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி, மூன்று குழாய் எடுத்து அனுப்பிவிட்டேன். மனிதர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சர்க்கரை எகிறிக் காட்டியது. மறுநாள் வந்து, "நான் சொல்ல வாயைத் தொறந்தேம்மா, நீ ஊசியை எடுத்துட்டே" என்றார். நான் அதை வேடிக்கைக் கதையாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே தவிர, திருந்தவில்லை.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். இருபத்தொன்பது வருடமாக ஒரே கம்பெனி. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். எல்லா வார்த்தையும் இல்லை, சிலது. அந்தச் சிலது எங்கே வரும் என்று அவருக்கே தெரியாது. வரும்போது கண்ணை லேசாக மூடிக்கொண்டு நிற்பார். நான்கு நொடி ஆகும், சில நாள் பத்து நொடி. பத்து நொடி சும்மா இருக்க என்னால் முடியாது. கல்யாணத்துக்கு முன் முதல்முறையாக ஒரு ஓட்டலில் சந்தித்தபோது, சர்வர் வந்து என்ன வேண்டும் என்றதற்கு இவர் கண்ணை மூடினார். நான் உடனே, "ரெண்டு டீ" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றியோடு சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு டீ பிடிக்காது என்பது கல்யாணமாகி எட்டு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

அதன்பிறகு பேச்செல்லாம் என் துறை ஆகிவிட்டது. வங்கி, மருத்துவர், வீட்டுக்காரர், அவருடைய கைப்பேசி எல்லாம் நான்தான். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இவர் எழுந்து ஏதோ கேட்க ஆரம்பித்தார். வார்த்தை நின்றது. பின்வரிசையில் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். இவர் உட்கார்ந்துவிட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போதே, இனிமேல் இந்த மனிதரை யார் முன்னாலும் நிற்க விடக் கூடாது என்று முடிவு கட்டினேன். அவரிடம் கேட்டு முடிவு கட்டினேனா என்றால், அதுதான் இல்லை.

இப்போது அவருக்கு ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. மொட்டை மாடி மோட்டார் அறைக்கு இரும்பு ஏணியில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏணி ஏறாத லிப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? கூடிய சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றிருந்தது. கம்பெனிக் கூடத்தில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான்: புதிதாகச் சேரும் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. அந்த இடம் காலியாக இருந்தது. சொல்லிக் கொடுப்பதென்றால் வாயால் சொல்ல வேண்டுமே என்று நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். "வாராவாரம் போன்ல நீ மட்டும் பேசறே, அப்பா ஹும்முங்கறார். இதுல சேர்ந்தா மூணு பேரும் ஒண்ணா இருந்த மாதிரி இருக்கும்" என்றாள். அவளோடு ஒரே அறையில் தங்கி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். மரியாதையான பெண், என்னை ஆன்ட்டி என்பாள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர்கள் இருவரும் அங்கே, நாங்கள் இருவரும் இங்கே, ஹாலில் ஒட்டிப் போட்ட இரண்டு மேஜைகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவோம். மகள் வாள் பிடிப்பவள். மருந்துக்கடைப் பெண் அங்கேயும் வைத்தியம்தான். இவர் வில்லாளி. நான் மந்திரக்காரி.

விளையாட்டு இதுதான். நாலு பேரும் சேர்ந்து ஒரு நாடு முழுக்க நடக்க வேண்டும். வழியில் ஊர்க்காரர்கள் வருவார்கள், அவர்களை ஆட்டுவிப்பது கம்ப்யூட்டர். யாராவது ஒருவரிடம் போய் வணக்கம் சொன்னால் பேச்சு ஆரம்பமாகும். அவர் ஏதாவது கேட்பார். கீழே மூன்று நான்கு பதில்கள் வரிசையாக வரும். ஒன்றை அழுத்தினால் நம் பாத்திரம் அதைச் சொல்லிவிடும். முதலில் வணக்கம் சொன்னவர் கையில்தான் அந்தப் பேச்சு முழுவதும். மற்ற மூவரும் பக்கத்தில் நின்று கேட்கலாம்; 'இதைச் சொல்லேன்' என்று ஒரு பதிலின் மேல் சின்னக் கொடி குத்தலாம். அதற்குமேல் அவர்களுக்கு அதிகாரமில்லை. சொல்லப்போனால் எங்கள் வீடு இருபத்தேழு வருடமாக இந்த முறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு விளையாட்டு உடனே பிடிபட்டுவிட்டது.

தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் போதும், நான் ஓடிப்போய் வணக்கம் சொல்லிவிடுவேன். கொடிகளைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமேது, ஆள் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறானே! ஒரு படகோட்டி "எங்கே போக வேண்டும்?" என்றான். வந்த நாலு பதிலில் "உன் படகில் ஓட்டை இருக்கிறதா?" என்பது எனக்கு நியாயமான கேள்வியாகப் பட்டது. அவனுக்கு ரோஷம் வந்து துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஏரியைச் சுற்றி நடந்தோம். இன்னொரு நாள் ஒரு சிப்பாய் எங்கள் குதிரைகளில் ஒன்றைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றான். "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பதில் இருந்தது. அழுத்தினேன். அவன் ஏறி உட்கார்ந்து போயே போய்விட்டான்.

"ஆன்ட்டி, அது என் குதிரை" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"ஒரு மரியாதைக்குச் சொன்னேம்மா. நெஜமாவே எடுத்துக்குவான்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் மகள், "எல்லாரும் பயணக் குறிப்பைத் தொறங்க" என்றாள். அதில் ஒரு பக்கம் இருக்கிறது, யார் எத்தனை பேச்சு நடத்தினார்கள் என்று. நான் அறுபத்தொன்று. மகள் ஒன்பது. மருந்துக்கடைப் பெண் ஏழு. அவர் பூஜ்யம். அறுபத்தொன்றைப் பார்த்து எனக்குப் பெருமைதான் வந்தது.

"அம்மா, கடைசி வரியைப் பாரு. அப்பா பேருக்கு நேரா."

"அவருக்குப் பேசறது பிடிக்காதுடி."

"கேட்டியா?"

"இதைப் போய்க் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"அப்பா, நீங்க சொல்லுங்க. பிடிக்காதா?"

இவர் கண்ணை மூடினார். ஒரு நொடி, இரண்டு நொடி. "பாரு, பிடிக்காதுங்கறார்" என்றேன் நான்.  ஹெட்போனில் மருந்துக்கடைப் பெண் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அங்கிள் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வளர்ந்த பெண், வெளிப் பெண்ணை விட்டு அம்மாவைக் குறை சொல்ல வைக்கிறாளே என்று மகள்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்து வரும் ஆள் அப்பாவுக்கு என்று மகள் முடிவு செய்தாள். வந்தது ஒரு சுங்கச்சாவடிக் காவலன். இவருடைய வில்லாளி நிதானமாக நடந்துபோய் வணக்கம் சொன்னான். எதற்கு இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று காவலன் கேட்டான். நாலு பதில் வந்தது. இவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படித்தார். முதல் பதில், இரண்டாவது, மூன்றாவது, மறுபடியும் முதல். இங்கே திக்குவதற்கு ஒன்றுமில்லை. மனிதர் ரசித்து, ருசித்து யோசித்துக்கொண்டிருந்தார். நான் தொடையைத் தட்டினேன். இருமினேன். இரண்டாவது பதில்தான் சரி என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. அரை நிமிடம் பொறுத்தேன். சத்தியமாக, கை தானாகத்தான் போயிற்று. பக்கத்து மேஜைக்கு எட்டி அவருடைய பொத்தானை நானே அழுத்திவிட்டேன்.

அவசரத்தில் இரண்டுக்குப் பதில் மூன்றில் பட்டுவிட்டது. "வழி விடு, இல்லாவிட்டால் உன் தலை இருக்காது" என்றான் எங்கள் வில்லாளி. ஏழு காவலர்கள் வந்து எங்களைத் துவைத்து எடுத்தார்கள்.

இவர் ஹெட்போனைக் கழற்றினார். வயரைச் சுற்றி ஆணியில் மாட்டினார். "நீயே ஆடு" என்றார். அதில் ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் ஒரு கோட்டைக்குள் போனோம். கோட்டைத் தலைவன் யார் நீங்கள் என்று கேட்டான். மகள் பேச்சை எடுப்பதற்குள் நான் எடுத்து, மருந்துக்கடைப் பெண்ணைக் காட்டி, "இவள் அரண்மனை வைத்தியர்" என்று ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். கொஞ்சம் மதிப்பாக இருக்குமே என்றுதான். அவளை நேரே ராஜாவின் படுக்கையறைக்கு இழுத்துப் போனார்கள். அவளுக்கு ராஜாவின் நோய் என்னவென்று தெரியவில்லை. ஏமாற்றுக்காரி என்று கைது செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணை.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை நீ முந்திக்கிட்டுப் பேசினா, நான் சனிக்கிழமை வர மாட்டேன்" என்றாள் மகள். அவள் குரல் விளையாட்டாக இல்லை.

அந்தப் புதன்கிழமை மாலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. வழக்கம்போல் நான் எடுத்தேன். அவருடைய மேலாளர்.

"நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சும்மா. புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைக்கு விருப்பம்னு அவர் எழுதிக் குடுத்திருக்கார். வேலை தெரிஞ்சவர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பேசறது... அதான், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அவர் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது. ஒரு கணம் திகைத்தேன், ஒரே கணம்தான். என் கண்முன் இருபது இளவட்டங்களும், பின்வரிசையிலிருந்து ஒரு 'களுக்'கும் வந்து நின்றன. "அவருக்கு அதெல்லாம் சரிப்படாது சார். பேச்சு வராது. வேற ஆளைப் பாருங்க" என்றேன்.

மேலாளர் கொஞ்சம் தயங்கினார். "சரிம்மா. ஆனா திங்கட்கிழமை வரைக்கும் அவர் பேரை எடுக்காம வெச்சிருக்கேன். அதுக்குள்ள அவரையே ஒரு தடவை என்கிட்ட பேசச் சொல்லுங்க. பேசலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்."

இவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, யார் என்பதுபோல் பார்த்தார். "ராங் நம்பர்" என்றேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அறுபது அறுபது கைகளைக் குத்தினேன். அவர் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் கேள்வி நானே, பதில் நானே.

சனிக்கிழமை காலை மருந்துக்கடைப் பெண் நேராக இவருக்கே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அங்கிள், இன்னிக்கு என்னைக் கோர்ட்ல நிறுத்தறாங்க. நீங்க வந்தா தைரியமா இருக்கும்." நாலு மணிக்கு இவர் ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்தார்.  நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீதிபதி வெள்ளைத் தாடிக்காரர். உங்களில் யார் பேசப் போகிறீர்கள் என்றார். வில்லாளி முன்னால் போனான். "இந்தப் பெண்ணை அரண்மனை வைத்தியர் என்று பொய் சொன்னது யார்?" என்று நீதிபதி கேட்டார். பதில்கள் வந்தன. ஒன்று, யாரும் சொல்லவில்லை. இரண்டு, அவளே சொன்னாள். மூன்று, நான் சொன்னேன். நான்கு, உடன் வந்தவரைச் சுட்டிக்காட்டு.

இவர் கன்னத்தில் கையை வைத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவர், 'நான் சொன்னேன்' என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார், என்னதான் இருந்தாலும் தங்கமான மனிதர் என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது. வில்லாளி கையைத் தூக்கி என்னைக் காட்டினான்.

ஹெட்போனில் இரண்டு பெண்களும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். மருந்துக்கடைப் பெண்ணை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு கோபுரத்தின் உச்சியில் அடைத்தார்கள். அந்த விளையாட்டில் சிறைக்குள் போனால் மைக்கும் அடைத்துவிடும். மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது யாருக்கும் கேட்காது.

"அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரூமுக்குள்ள பேசினாலும் அழுகுணி ஆட்டம்தான்மா" என்றாள் மகள். நான் தலையாட்டினேன். தலையாட்டியது அவளுக்கு எப்படித் தெரியும்?

என்னை மீட்க அவர்கள் கோபுரத்தின் மேல் வர வேண்டும். மேலே வர ஒரு மரப்பெட்டி, அதன் கயிறு உச்சியில் ஓர் உருளையில் சுற்றி மறுபக்கம் தொங்கியது. அந்த முனையில் ஒரு பாறாங்கல் கட்டியிருந்தது. பெண்கள் இருவரும் பெட்டியில் ஏறினார்கள், பெட்டி அசையவில்லை. கனம் போதவில்லை என்று இன்னும் கல்லை அள்ளிப் பெட்டிக்குள் போட்டார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

"நி... நிறுத்துங்க" என்றார் இவர்.

இருவரும் நிறுத்தினார்கள்.  இவர் கண்ணை மூடியிருந்தார். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும்போல் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். எட்டு நொடி ஆகியிருக்கும்.

"பெட்டியைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் தொங்குது பாருங்க, அந்தக் கல்லைப் பாருங்க. லிப்ட்டும் இப்படித்தான். கட்டடத்துல நீங்க ஏறற பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய எடை தொங்கும். காலிப் பெட்டியை விட அது கனம். பிரேக்கை விட்டா காலி லிப்ட் கீழ விழாது. மே... மேல போகும்."

"மேலயா?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"மேலதான். எல்லாரும் விழும்னு நெனைப்பாங்க. நானும் சேர்ந்த புதுசுல நெனைச்சேன். பாதி ஆள் ஏறினா ரெண்டு பக்கமும் சமம், மோட்டாருக்கு வேலை கம்மி. நெறைய ஆள் ஏறினாத்தான் அது கஷ்டப்படும். இப்ப யோசிங்க. உங்களுக்கு மேல போகணும். பெட்டிக்குள்ள இன்னும் கல்லைப் போடுவீங்களா, இருக்கறதை எறக்குவீங்களா?"

அவர் பதிலைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர்கள் யோசிக்கட்டும் என்று காத்திருந்தார். மகள்தான், "எறக்கணும்! நாமளும் ஒவ்வொருத்தரா ஏறணும்!" என்று கத்தினாள். பெட்டி ஆடிக்கொண்டு மேலே வந்தது.

பத்து நிமிடம் பேசினார். நடுவில் ஏழெட்டு இடத்தில் நின்றது. அந்தப் பெண்கள் ஒவ்வொரு முறையும் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான் செய்தார்கள். நான் இருபத்தேழு வருடமாக ஒரு லிப்ட் மெக்கானிக்கின் மனைவி. காலி லிப்ட் மேலே போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் சொல்லியிருக்கவே மாட்டாரா என்ன? ஆரம்பித்திருப்பார். நான் முடித்து வைத்திருப்பேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்ததும் சொல்லிவிட்டேன். "ஏங்க, புதன்கிழமை வந்தது ராங் நம்பர் இல்ல. உங்க மேலாளர்."

அவர் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னே?" என்றார். மேலாளர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை பாருங்கள். சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பேச்சு வராது என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் வயரைச் சுற்றி முடித்தார். பிறகு, "அந்த லெட்டரை... ரெண்டு நாள் எழுதினேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. என்னிடம் பேசக் கூடாது என்று பேசாமல் இருந்தது புதிது. நான் சமையலறையில் நின்றுகொண்டு, பாத்திரம் தேய்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன். இவரும் வேலைக்குப் போகாமல், சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து வைத்தார். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

"இங்கயே இரு" என்றார். "பேசாதே."

ஸ்பீக்கரைப் போட்டார். மணி இரண்டு தரம் அடித்ததும் மேலாளர் எடுத்தார். "சொல்லுங்கம்மா" என்றார். இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அம்மாதான் பேசுவாள் என்று அந்த மனிதருக்கும் பழகிவிட்டது.

"நான்தான் சார் பேசறேன்" என்றார் இவர்.

 இவர் கண்ணை மூடினார். சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்த கடியில் மறுநாள் வரை வீங்கியிருந்தது.

"என் வீட்டுல அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது... பொய் இல்ல சார். எனக்குப் பேச்சு சட்டுனு வராது. ஆனா வரும். பசங்க காத்திருக்கணும். காத்திருந்தாங்கன்னா... நான் சொல்லிக் குடுத்துடுவேன்."

 மேலாளர் மோட்டார் அறை பற்றி ஏதோ கேட்டார். பிரேக் பற்றி ஒன்று கேட்டார். இவர் சொன்னார். இரண்டு இடத்தில் நின்றது, மேலாளரும் நின்றார். கடைசியில், "சரிங்க. நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"அம்மா அங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று மேலாளர் கேட்டார். "அம்மா, எப்பலேர்ந்து வர்றார்? ஒண்ணாம் தேதின்னு போட்டுக்கட்டுமா?"

இவர் என்னைப் பார்த்தார். ஒன்றாம் தேதிதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாய்வரை வந்துவிட்டது.

"அவரையே கேளுங்க சார்" என்றேன்.

இவர் கண்ணை மூடினார். இந்த முறை ரொம்ப நேரம் ஆயிற்று. மேலாளர் காத்திருந்தார், நான் காத்திருந்தேன்.

"பதினஞ்சாம் தேதி சார்" என்றார் இவர். "அதுக்கு முன்னாடி பொண்ணைப் போய்ப் பாத்துட்டு வரணும். ரொம்ப நாளா ஆசை."

எனக்கு அது புதுச் செய்தி. கைப்பேசியை அணைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வார்த்தை நின்றது. நானும் வரட்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.